கரையில் எண்ணப்பட்ட கடல்: தமிழக மீன்பிடிக் கலங்களின் கணக்கெடுப்பு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கடற்கரையின் மீன்பிடிக் கலங்களையும் அவற்றின் இயக்கத்தையும் பற்றிய தரவுகள் எந்தத் தேவைக்காக, எவரால், எந்த அலகில் திரட்டப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வருவாய், உணவு உற்பத்தி, நிவாரணம், பாதுகாப்பு ஆகிய நான்கு தேவைகள் நான்கு வகையான கணக்குகளை உருவாக்கின. அவற்றுள் முதல் மூன்றும் கரையில் நின்று எடுக்கப்பட்டவை. கரைக்குத் திரும்பாதவரைப் பற்றி அவை போதிய விடை தரவில்லை என்பதும், கலத்தின் இருப்பிடத்தைக் கடலிலேயே பதிவு செய்யும் இன்றைய முறை அக்குறையை நீக்கும்போதே புதிய வினாக்களை எழுப்புகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மீன்பிடிக் கலம், கணக்கெடுப்பு, மீன் இறங்குதளம், கட்டுமரம், ஒக்கி, டிரான்ஸ்பாண்டர்

முன்னுரை

முசிறி என்னும் பெயர் தமிழாய்வாளருக்கு இரண்டு இடங்களை நினைவூட்டும். ஒன்று, சேரநாட்டின் மேலைக் கடற்கரையில் விளங்கிய பழந்துறைமுகம். மற்றொன்று, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் குளித்தலைக்கு எதிரே அமைந்துள்ள ஊர். பெயர் ஒன்றாயினும் இரண்டும் வெவ்வேறு நீர்களின் கரையில் உள்ளவை. நீரின் மேல் நடக்கும் தொழில் எப்போது ஏட்டில் ஏறுகிறது என்ற வினாவுக்கு இவ்விரண்டு ஊர்களும் தொடக்கப் புள்ளிகளாக அமைகின்றன.

துறைமுக முசிறியைப் பற்றிய மிக நுட்பமான வணிகப் பதிவு, வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடாகும். 1985இல் பதிப்பிக்கப்பட்ட இவ்வேட்டின் ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தமும், மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்னும் கப்பலில் சென்ற யானைத் தந்தம் முதலிய சரக்குகளின் எடையும் மதிப்பும் உள்ளன. சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு உரோமப் பேரரசுக்குச் சுங்கமாகச் சேர வேண்டியிருந்தது. அதனால் அது நிறுத்து எழுதப்பட்டது. அதே முசிறியைப் பாடும் புறநானூற்றின் 343ஆம் பாடல், மீனை விற்று நெல்லைப் பெறும் வாழ்க்கையையும் மிளகு மூட்டைகளையும் ஒருங்கே காட்டுகிறது. மிளகுக்கும் தந்தத்துக்கும் கணக்கேடு கிடைத்துள்ளது. மீனுக்குக் கிடைத்திருப்பது பாடல் மட்டுமே. இந்த வேறுபாடு பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை.

வருவாய் தந்த நீரும் தராத நீரும்

காவிரிக்கரை முசிறி போன்ற உள்நாட்டு ஊர்களில் மீன் நெடுங்காலமாகவே ஏட்டில் இடம்பெற்றுள்ளது. ஏரி, குளம், ஆற்றுப்பகுதி ஆகியவற்றின் மீன்பிடி உரிமை ஏலம் விடப்பட்டது. மீன்பாசிக் குத்தகை என்னும் பெயரில் அத்தொகை கணக்கில் ஏறியது. ஆனால் இப்பதிவில் உள்ளது குத்தகைத் தொகைதான். எத்தனை பரிசல்கள் இறங்கின, எவ்வளவு மீன் கிடைத்தது, யார் வலை வீசினர் என்பவை அதில் இல்லை. நீர்நிலைக்கு எல்லை உண்டு, உரிமையாளர் உண்டு, ஏலத்தொகை உண்டு; அவற்றால் கணக்கும் உண்டு.

கடலுக்கு இவ்வாறான எல்லை இல்லை. கடலை ஏலம் எடுப்பவரும் இல்லை. எனவே பிரித்தானிய ஆட்சியின் வருவாய் ஏடுகளில் சாதாரணக் கடல் மீன்பிடிப்பு மங்கலாகவே தென்படுகிறது. விதிவிலக்காக அமைந்தவை முத்தும் சங்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்புக்கு முன்னர் அரசு சிப்பிப் பார்களை ஆய்ந்தது. மாதிரிக்காகச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளின் மதிப்பைக் கணித்து, அதன் பின்னரே குளிப்பை அறிவித்தது. குளிப்புக் காலத்தில் படகுகள் பதிவு செய்யப்பட்டன. கரைக்கு வந்த சிப்பிகள் எண்ணிப் பங்கிடப்பட்டு, அரசின் பங்கு ஏலத்தில் விற்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் வெளியிட்ட முத்து, சங்கு குளிப்புக் குறிப்புகள் இம்முறையை விளக்குகின்றன. கடலுக்குள்ளேயே மாதிரி எடுத்து மதிப்பிடும் முறை தென்தமிழகக் கடலில் 19ஆம் நூற்றாண்டிலேயே நடைமுறையில் இருந்தது என்பது கருதத்தக்கது. ஆயினும் முத்துப் படகு எண்ணப்பட்ட அதே துறையில் மீன்படகு எண்ணப்படவில்லை.

உண்ணும் மீன் ஏட்டில் ஏறிய வழி உப்பு ஆகும். உப்பு அரசின் வருவாய்ப் பொருளாக இருந்ததால், அதன் விலை கருவாட்டுத் தொழிலை அழுத்தியது. இதனைத் தணிக்க, 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலப்பகுதியில் சென்னை மாகாணக் கடற்கரையில் மீன் உப்பிட்டு உலர்த்தும் அரசு முற்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. அங்கே சலுகையாக உப்பு வழங்கப்பட்டது. சலுகை உப்பு வெளியே கசிந்துவிடாமல் காக்க, முற்றத்துக்குள் வந்த மீனின் எடையும் வழங்கப்பட்ட உப்பின் எடையும் பதிவு செய்யப்பட்டன. கடல் மீன் பற்றிய தொடர்ச்சியான தொடக்ககாலப் புள்ளிவிவரங்களுள் ஒன்று இவ்வாறு உப்பைக் காக்கும் முயற்சியின் துணைவிளைவாகப் பிறந்தது. பச்சையாக விற்கப்பட்ட மீனும், வீட்டு வாசலில் பெண்கள் உலர்த்திய மீனும் அதற்கு வெளியே நின்றன.

கேள்வித்தாளும் கலத்தின் வடிவமும்

கடல் மீன்பிடிப்பை ஒரு தனிப்பொருளாகக் கொண்டு தகவல் திரட்டும் முயற்சி சென்னைப் படையின் மருத்துவராக இருந்து மீனியல் அறிஞரான பிரான்சிஸ் டே என்பவரோடு வலுப்பெற்றது. இந்தியா, பர்மா ஆகியவற்றின் கடல் மீன்களையும் மீன்பிடிப்பையும் பற்றிய அவரது அறிக்கை 1873இல் வெளிவந்தது. அவர் பயன்படுத்திய முதன்மையான வழி, மாவட்ட அலுவலர்களிடம் வினாக்களைக் கேட்டு விடைகளைத் தொகுப்பதாகும். இதனால் அறிக்கை பரப்பில் பெரிதாயினும், அதில் ஒலிப்பது பெரும்பாலும் வருவாய்த்துறையின் குரலே. கடலுக்குச் சென்றவரின் அறிவு அலுவலரின் வாய்வழியாக இரண்டாம் நிலைச் செய்தியாகவே சேர்ந்தது.

இந்நிலையை அடுத்த தலைமுறை ஓரளவு மாற்றியது. ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அலுவலரான பிரெடரிக் நிக்கல்சன் 1905இல் மீன்வளம் பற்றிய ஆய்வுப் பணியை ஏற்றார்; 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு உருவாயிற்று. அதில் பணியாற்றிப் பின்னர் அதன் இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல், கலங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் கட்டமைப்பில் கருத்தூன்றினார். இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றிய அவரது ஆய்வு 1920இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. கட்டுமரம், மசூலாப் படகு, வள்ளம் ஆகியவற்றின் அமைப்பும் பயன்பாடும் நேரடிக் கவனிப்பின் அடிப்படையில் எழுத்தில் நிலைபெற்றன.

ஹார்னெலின் விவரிப்புகள் கணக்கெடுப்பின் அடிப்படைச் சிக்கல் ஒன்றையும் உணர்த்துகின்றன. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் ஆணியடித்து முடித்த கலம் அன்று. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குச் செல்வர். திரும்பியதும் அவிழ்த்து மணலில் உலர்த்துவர். பருவத்துக்கும் வலைக்கும் ஏற்பச் சேர்க்கும் மரங்கள் கூடும், குறையும். அவிழ்த்துக் கிடக்கும் மரங்களைக் காணும் கணக்காளர் அவற்றை எத்தனை கலங்களாக எழுத வேண்டும்? கலம் என்னும் அலகே நிலையற்றதாக இருந்த கரையில், எண்ணிக்கை என்பது எண்ணுபவரின் முடிவையும் சார்ந்திருந்தது.

இறங்குதளமும் நாளும்

விடுதலையை ஒட்டிய உணவுப் பற்றாக்குறைக் காலம் வேறொரு கேள்வியை முன்வைத்தது. நாட்டின் கடல்கள் எவ்வளவு மீன் தருகின்றன? இதற்கு விடைகாணும் பொறுப்பு 1947 பிப்ரவரி 3 அன்று நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திடம் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்நிலையம் 1949இல் மண்டபத்துக்கும், 1971இல் கொச்சிக்கும் தலைமையிடத்தை மாற்றிக்கொண்டது.

ஆயிரக்கணக்கான ஊர்களில், நேரம் காலமின்றிக் கரைசேரும் கலங்கள் அனைத்தையும் காண்பது இயலாது. எனவே நிலையம், தொடக்க ஆண்டுகளின் சோதனைகளுக்குப் பின், இடத்தையும் காலத்தையும் அடுக்குகளாகப் பிரித்து மாதிரி எடுக்கும் முறையை வகுத்தது. கடற்கரை மண்டலங்களாகவும், மாதம் பத்துப் பத்து நாள்களாகவும் பிரிக்கப்பட்டன. ஓர் இறங்குதளத்தின் ஒரு நாள் என்பதே அடிப்படை அலகாயிற்று. கணக்காளர் முதல் நாள் நண்பகல் முதல் மாலை ஆறு மணி வரையும், மறுநாள் காலை ஆறு மணி முதல் நண்பகல் வரையும் கரையில் இருப்பார். இடைப்பட்ட இரவில் வந்த கலங்களைக் காலையில் விசாரித்து அறிவார். அந்நேரத்தில் பதினைந்துக்கு மிகாத கலங்கள் வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். மிகுந்தால் குறித்த இடைவெளியில் சிலவற்றைத் தேர்வார். மீன் கூடைக்கணக்கில் மதிப்பிடப்படும். இவ்வாறு பெற்ற எண்கள் பெருக்கப்பட்டு மாதத்துக்கும் மண்டலத்துக்கும் உரிய மதிப்பீடாகும்.

இம்முறையின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. ஏலம் நடக்கும் மணலில், கூடை சுமக்கும் பெண்களுக்கும் வலை உதறும் ஆண்களுக்கும் நடுவே நின்று ஒருவர் கேட்டு எழுதிய விடைகளைக் கொண்டு, பல பத்தாண்டுகளுக்கான தொடர்ச்சியான தரவு உருவானது. கலங்களைக் கருவி வசதியின்படி பிரிக்கும் வகைப்பாடும் இதனோடு உறுதிப்பட்டது. ஓட்டத்துக்கும் மீன்பிடிப்புக்கும் எந்திரத்தைப் பயன்படுத்துவது ஒரு வகை. ஓட்டத்துக்கு மட்டும் பயன்படுத்துவது இன்னொரு வகை. எந்திரமே இல்லாதது மூன்றாவது வகை. மாநில நிர்வாகத்தின் வழக்கோ விசைப்படகு, நாட்டுப்படகு என இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்புற எந்திரம் பூட்டிய ஒரே கண்ணாடியிழைப் படகு ஒரு கணக்கில் எந்திரம் கொண்ட கலமாகவும், மற்றொன்றில் நாட்டுப்படகாகவும் இடம்பெறும். இரு துறைகளின் எண்களை ஒப்பிடும் ஆய்வாளர் முதலில் இவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்களின் எண்ணிக்கையிலும் இதுவே நிலை. நிலையத்தின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழகத்தில் 573 கடல் மீனவ ஊர்களைக் காட்டுகிறது. மாநில அரசின் கொள்கைவிளக்கக் குறிப்புகள் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் 608 ஊர்கள் என்கின்றன. முந்தையது ஆய்வுக்கும் பிந்தையது நலத்திட்ட நிர்வாகத்துக்கும் உரியது. தேவை மாறும்போது ஊரின் வரையறையும் மாறுகிறது.

இறங்குதளக் கணக்கில் இன்னொரு வரம்பும் உண்டு. மீன் எந்த மாநிலத்தில் இறங்குகிறதோ அந்த மாநிலத்தின் கணக்கில் சேரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார ஊர்களைச் சேர்ந்தோர் கொச்சியில் இறக்கும் மீன் கேரளத்தின் உற்பத்தியாகும். உற்பத்தியை அறிய இது போதும். அம்மீனைப் பிடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அறிய இது உதவாது.

தலைக்கட்டும் நிவாரணப் பட்டியலும்

அரசு கணக்கெடுக்கத் தொடங்குமுன்பே மீனவ ஊர்களுக்குத் தமக்கெனக் கணக்கு இருந்தது. சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் தலைக்கட்டு அடிப்படையில் வரி தண்டின. யார் ஊரின் உறுப்பினர், யார் வரி கொடுக்கக் கடமைப்பட்டவர், யாருக்குக் கோயில் திருவிழாவிலும் பொதுப் பங்கிலும் உரிமை உண்டு என்பவை அதில் அடங்கும். ஆண்களைத் தலைக்கட்டாகக் கொள்ளும் அக்கணக்கில் கணவரை இழந்த பெண்களின் குடும்பங்கள் விளிம்பில் நின்றன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்விரு கணக்குகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். படகை இழந்தவர் யார், பங்காளியாகவோ கூலியாகவோ அதே படகில் சென்றவர் யார் என்பதை அறிய, நிவாரணம் வழங்க வந்தோர் பெரிதும் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பட்டியல்களையே நம்பினர். அதன் வேகமும் ஒழுங்கும் பயன் தந்தன. அதில் இல்லாதவர்கள் நிவாரணத்திலும் பின்தங்கினர். ஏற்கெனவே இருந்த பட்டியலின் விடுபடல் புதிய இழப்பாக மாறிற்று.

நிவாரணம் கலங்களின் தன்மையையும் மாற்றியது. கட்டுமரத்தின் இடத்தில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. நாடு தழுவிய கணக்கெடுப்புகள் இப்போக்கைக் காட்டுகின்றன. 2005இல் 1,04,270 ஆக இருந்த எந்திரமில்லாக் கலங்கள் 2010இல் 50,618 ஆகக் குறைந்தன. மொத்தக் கலங்கள் 2,38,772இலிருந்து 1,94,490 ஆயின. கலங்களின் எண்ணிக்கை குறைந்ததை மீன்பிடித் திறன் குறைந்ததாகக் கொள்வது பிழை. துடுப்பும் பாயும் சென்ற தொலைவும் எந்திரம் செல்லும் தொலைவும் ஒன்றல்ல. கலத்தை எண்ணும் கணக்கு, அது எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவில் இயங்குகிறது என்பதைச் சொல்லாது.

ஒக்கி எழுப்பிய வினா

அந்தத் தொலைவின் பொருள் 2017 நவம்பர் இறுதியில் வெளிப்பட்டது. குமரிமுனைக்கு அருகே விரைந்து வலுப்பெற்ற ஒக்கி புயல், எச்சரிக்கை சென்றடையாத தொலைவில் இருந்த ஆழ்கடல் படகுகளைத் தாக்கியது. வாரக்கணக்கில் கடலில் தங்கும் தூத்தூர் வட்டாரத்தினர் பலர் வேறு மாநிலத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டிருந்தனர். எத்தனை பேர் கடலில் இருந்தனர் என்ற எளிய கேள்விக்கு உடனடியாக ஒரே விடை கிடைக்கவில்லை. கடற்கரைப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் வீடுவீடாகக் கேட்டுத் தொகுத்த பட்டியல்களும் அரசின் பட்டியல்களும் வேறுபட்டன.

இவ்வேறுபாடு வெறும் எண்கணிதச் சிக்கல் அன்று. உடல் கிடைக்காத நிலையில், ஒருவர் கடலுக்குச் சென்றார் என்பதற்கே சான்று தேவைப்பட்டது. சான்றின்றி இறப்பு உறுதியாகாது. இறப்பு உறுதியாகாமல் குடும்பத்தின் உரிமைகள் தீர்வாகா. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் படகுகளின் பதிவை வற்புறுத்தியிருந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் பதிவும் அடையாள அட்டையும் மேலும் இறுகின. ஆயினும் பதிவு என்பது படகு இருக்கிறது என்பதற்கான சான்று. அன்று அப்படகு எங்கே இருந்தது, அதில் யார் இருந்தனர் என்பவற்றுக்கு அது சான்றாகவில்லை. மீன் கரைக்கு வந்தால் எண்ணலாம் என்ற அடிப்படையில் அமைந்த தரவு, மனிதர் கரைக்கு வராதபோது வாய் திறக்கவில்லை.

புள்ளியாகும் கலம்

கலத்தின் இருப்பிடத்தைக் கடலிலிருந்தே அறியும் தொழில்நுட்பம் முதலில் பெருங்கப்பல்களுக்காக உருவானது. மோதலைத் தவிர்க்க அவை தம் பெயரையும் நிலையையும் தாமாக ஒலிபரப்பும் கருவியைப் பன்னாட்டு விதிகள் 2000களின் தொடக்கத்தில் கட்டாயமாக்கின. அவ்வொலிபரப்பைச் செயற்கைக்கோள் வழியே திரட்டி, உலக மீன்பிடிப்பை வரைபடமாக்கும் பணியை 2016இல் குளோபல் ஃபிஷிங் வாட்ச் பொதுவெளியில் தொடங்கியது. இம்முறையின் குறையை 2024இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. ரேடார் படங்களோடு ஒப்பிட்டபோது, உலகின் பெருமளவு மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் இல்லை. அவற்றில் பல ஆப்பிரிக்க, தெற்காசியக் கடல்களில் இயங்குகின்றன. தெற்காசியக் கடல் வரைபடத்தில் வெறுமையாகத் தெரிவதை வைத்து அங்கே மீன்பிடிப்பு இல்லை என்று முடிவுகட்ட இயலாது.

இந்தியாவில் இவ்விடைவெளியை நிரப்ப இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர் பயன்படுத்தப்படுகிறது. ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் இதைப் பொருத்தும் ரூ.364 கோடித் திட்டம் நாடு முழுவதும் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. கைப்பேசி அலை எட்டாத தொலைவிலும் கரையிலிருந்து புயல் எச்சரிக்கை அனுப்பலாம். படகிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பலாம். கடல் எல்லையை நெருங்குவதை உணர்த்தலாம். ஒக்கி எழுப்பிய கேள்விக்கு இது நேரடியான விடை.

ஆனால் அதே கருவி கண்காணிப்பின் கருவியும் ஆகும். மீன் கிடைக்கும் பார்களின் இடம் மீனவரின் உழைப்பால் திரண்ட அறிவு. கரை அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து அவர்கள் நினைவில் வைத்த அவ்விடங்களை, படகின் தடம் யார் கையிலும் தரக்கூடும். 1974, 1976 ஒப்பந்தங்களால் எல்லை வகுக்கப்பட்ட பாக் நீரிணைப் பகுதியில், தடம் என்பது பிடிபட்டவருக்குச் சான்றாகவும் அவருக்கு எதிரான சான்றாகவும் அமையலாம். மறுபுறம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக்கூடாது என்ற 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி மீறப்படுவதாக நாட்டுப்படகு மீனவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். அவர்களின் வாய்மொழிச் சாட்சியத்துக்கு இழுவைப்படகின் தடம் வலுச்சேர்க்கும். தரவு யாரிடம் இருக்கிறது, யார் கேட்டால் கிடைக்கும் என்பதைப் பொறுத்தே அது நன்மையா தீமையா என்பது அமையும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், தமிழகக் கடலின் கணக்கு ஒவ்வொரு காலத்திலும் அதைக் கேட்டவரின் தேவையால் வடிவம் பெற்றது என்பது புலனாகிறது. உப்பைக் காக்க வந்த ஏடு உலர்மீனை மட்டும் கண்டது. உணவைக் கணக்கிட வந்த முறை இறங்கிய மீனைக் கண்டது. நிவாரணப் பட்டியல் தலைக்கட்டைக் கண்டது. இன்றைய கருவி கலத்தைப் புள்ளியாகக் காண்கிறது. ஆயினும் அதனுள் இருக்கும் மனிதரை அது தானாக அறியாது. படகோடு சென்றவர் பெயரும் அந்தப் புள்ளியோடு இணைக்கப்பட்டாலன்றி, ஒக்கியின்போது எழுந்த கேள்வி முழுமையாகத் தீராது.

எனவே இத்தரவுகளைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாய்வு, எண்ணோடு அதன் அலகையும் நோக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். கட்டுமரம் குறைந்தது என்னும் எண்ணுக்குப் பின்னால் மணலில் உலர்ந்த மரங்களும், கண்ணாடியிழைக்கு மாறிய குடும்பங்களும் உள்ளன. இறங்குதளக் கணக்காளரின் ஏட்டையும், ஊர்ப் பஞ்சாயத்தின் வரிக் கணக்கையும், பங்குகள் தொகுத்த காணாமற்போனோர் பட்டியலையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போதுதான் கடலுக்குச் சென்றவர்களின் வரலாறு துலங்கும். பின்னிரண்டும் இன்னும் பெரும்பாலும் ஆவணக்காப்பகங்களுக்கு வெளியே, ஊர்களின் பெட்டிகளில் உள்ளன. அவற்றைத் தொகுத்துப் பாதுகாப்பது இத்துறை ஆய்வாளர்முன் உள்ள உடனடிப் பணியாகும்.